நான்காவது பத்தியின் ஓரத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்று எழுதியிருந்தது

கேள்வி: அம்மா, எனக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பி.காம். முடித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆறு மாதமாகத் தட்டச்சும் கோப்பு வேலையும் பார்க்கிறேன். போன வாரம் சீனியர் ஒரு மனுவைத் திருத்திக் கொடுத்தார். நான்காவது பத்தியின் ஓரத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அது தொழிலாளர்களின் சம்பளப் பாக்கி பற்றிய பத்தி. வேலைநிறுத்தத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு வரி சேர்த்து அடித்துவிட்டேன். கட்சிக்காரர்கள் முன்னாலேயே, “டிகிரி படிச்சிருக்கீங்களா இல்லையா?” என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அகராதியைத் திறந்தேன். அந்த ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருந்தது. பயந்து மூடிவிட்டேன். இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வருமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சம்பளப் பாக்கி பற்றிய பத்திக்குப் பக்கத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்று எழுதியிருந்தால், நம் ஊரில் யாருக்கும் முதலில் வேலைநிறுத்தம்தான் நினைவுக்கு வரும். பஸ் ஸ்ட்ரைக், பேங்க் ஸ்ட்ரைக் என்று அந்தச் சொல் தமிழுக்குள் வந்தபோது அந்த ஒரு பொருளோடுதான் வந்தது. நீங்கள் அந்தப் பத்தியைப் படித்து, பொருளோடு பொருத்திப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். யோசிக்காமல் செய்த தவறு இல்லை அது. முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

சீனியர் சொன்னது, அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்று. ஒரு வரைவின் ஓரத்தில் ‘ஸ்ட்ரைக்’, ‘ஸ்ட்ரைக் அவுட்’, ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ என்று எது எழுதியிருந்தாலும் கோடு போட்டு நீக்கு என்றுதான் பொருள். கணினியில் எழுத்துகளின் நடுவே கோடு போட ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்கு ‘ஸ்ட்ரைக்த்ரூ’ என்று பெயர். தினமும் உங்கள் கண்ணில் படுகிற பொத்தான்தான்.

அகராதியைப் பார்த்துப் பயந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ‘அடி’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் அலாரம் அடிக்கிறது. குழாயடியில் தண்ணீர் அடிக்கிறீர்கள். வெளியே வந்தால் வெயில் அடிக்கிறது, கடல் காற்று அடிக்கிறது, மீன் வாடை அடிக்கிறது. பஸ்ஸில் ஒருவர் விசில் அடிக்கிறார், இன்னொருவர் போனில் அரட்டை அடிக்கிறார். அலுவலகத்தில் நீங்கள் மனு அடிக்கிறீர்கள். பக்கத்துக் கட்டடத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள். தம்பிக்குக் காய்ச்சல் அடிக்கிறது. யாருக்கோ லாட்டரி அடித்தது, யாரோ பரீட்சையில் காப்பி அடித்தார், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு குழந்தைக்கு மொட்டை அடித்தார்கள். இதில் எங்காவது யாராவது யாரையாவது அடித்தார்களா? வெளியூரிலிருந்து வந்து தமிழ் படிக்கிற ஒருவர் ‘அடி’க்கு அகராதியைத் திறந்தால் உங்களைப் போலவே மூடிவிடுவார். நீங்கள் இவற்றில் ஒன்றையாவது மனப்பாடம் செய்திருக்கிறீர்களா? மணியோடு சேர்ந்து வந்தால் ஒன்று, மொட்டையோடு வந்தால் வேறு ஒன்று என்று காதிலேயே படிந்துவிட்டது. ‘ஸ்ட்ரைக்’ ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அந்த ஜாதிச் சொல். அதை அர்த்தப் பட்டியலாகப் படிக்காதீர்கள். எந்தச் சொல்லோடு ஜோடி சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். நான் சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான்.

சரி, அடிப்பது என்ற பொருளுள்ள சொல்லுக்குக் கோடு போட்டு நீக்குவது என்ற பொருள் எப்படி வந்தது? இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மெல்லத் தடவிச் செல்வது, மேலாக இழுத்துச் செல்வது என்பதுதான் பொருள். அடிப்பது பின்னால் வந்தது. ‘ஸ்ட்ரோக்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, இதன் உடன்பிறந்தது. பூனையை வருடுவதும் ‘ஸ்ட்ரோக்’, தூரிகையை ஒரு இழுப்பு இழுப்பதும் ‘ஸ்ட்ரோக்’, திடீரென்று வந்து ஆளைச் சாய்க்கிற பக்கவாதமும் ‘ஸ்ட்ரோக்’. வருடுவதும் தாக்குவதும் ஒரே குடும்பம். ஜெர்மன் மொழியில் இதே வேரிலிருந்து வந்த சொல் இன்றைக்கும் தடவுவதற்கும், வண்ணம் பூசுவதற்கும், எழுதியதைக் கோடிட்டு நீக்குவதற்கும் பயன்படுகிறது. பேனாவைக் காகிதத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் கோடு விழுகிறது, எழுதியது நீங்குகிறது. உங்கள் சீனியர் எழுதிய ‘ஸ்ட்ரைக்’ இந்தப் பழைய பொருளிலிருந்து வந்தது.

இதை நான் புரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை. எங்கள் பாட்டி பண்ருட்டிப் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்து விற்பார். வாங்க வருகிறவர் படியில் கூம்பாக அளக்கச் சொல்வார், பாட்டி ஒரு மூங்கில் பத்தையை எடுத்து படியின் விளிம்பில் வைத்து ஒரே இழுப்பு இழுப்பார். மேலே நின்ற பருப்பெல்லாம் சரசரவென்று முறத்தில் விழும். படி விளிம்போடு விளிம்பாக மட்டமாக நிற்கும். அதற்குத் தலைதட்டி அளப்பது என்று பெயர். உண்மையில் அங்கே தட்டுவது எதுவும் இல்லை, பத்தையை இழுப்பதுதான், ஆனாலும் தட்டுவது என்றுதான் சொல்கிறோம். பல வருடம் கழித்து ஆங்கில அகராதியில், தானிய அளவையின் மேல்முகட்டைக் கோலால் வழித்து மட்டமாக்குவதற்கு ‘ஸ்ட்ரைக்’ என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். இங்கிலாந்தின் சில பகுதிகளில் தானிய அளவைக்கே அந்தப் பெயர் இருந்திருக்கிறது. அன்றைக்குப் பாட்டியின் கை என் கண் முன்னால் வந்து நின்றது. அவர்கள் மொழியிலும் இழுப்பதும் தட்டுவதும் ஒன்றாகப் போயிருக்கிறது, நம் மொழியிலும் போயிருக்கிறது.

தீக்குச்சியையும் பாருங்கள். ‘ஸ்ட்ரைக் எ மேட்ச்’ என்பார்கள். நாம் குச்சியை அடிப்பதில்லை, உரசுகிறோம், கிழிக்கிறோம். அங்கேயும் அந்தப் பழைய இழுப்பு ஒளிந்திருக்கிறது.

இனி உங்கள் அலுவலகத்துக்கு வேண்டியதைப் பார்ப்போம். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஒரே வினைச்சொல், பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல் மாறினால் விளைவே மாறிவிடும்.

‘ஸ்ட்ரைக் அவுட்’ என்றால் எழுத்தில் உள்ளதை நீக்குவது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 6, விதி 16 என்று ஒன்று உண்டு. ஒரு தரப்பின் வழக்குரையில் தேவையில்லாததோ, அவதூறானதோ, வீண் தொல்லை தருவதோ இருந்தால் அதை நீக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த விதியின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. உங்கள் கோப்புகளில் அடிக்கடி வரும்.

‘ஸ்ட்ரைக் ஆஃப்’ என்றால் பெரும்பாலும் ஒரு பட்டியலிலிருந்தோ பதிவேட்டிலிருந்தோ பெயரை நீக்குவது. நீங்கள் பி.காம். படித்தவர் என்பதால் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் நினைவிருக்கும். அதன் 248ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். இயங்காமல் கிடக்கிற கம்பெனியின் பெயரைப் பதிவாளர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். 2017இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அப்படி எடுத்தார்கள். அப்போது செய்தித்தாள்களில் ‘ஸ்ட்ரக் ஆஃப்’ என்று வந்ததை யாராவது ‘அடிக்கப்பட்டது’ என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞரோ மருத்துவரோ தவறான நடத்தைக்காகப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டாலும் இதே ஜோடிதான்.

‘ஸ்ட்ரைக் டவுன்’ என்றால் ஒரு சட்டத்தையோ விதியையோ செல்லாது என்று நீதிமன்றம் அறிவிப்பது. 2015 மார்ச்சில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் அப்படி நீக்கியது. 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டத்தையும் அப்படித்தான் செல்லாததாக்கியது. பத்தியை ‘ஸ்ட்ரைக் டவுன்’ செய்ய முடியாது, சட்டத்தை ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ செய்தார்கள் என்றும் எழுத மாட்டார்கள்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள் என்பதற்கு ‘கால்டு ஆஃப்’ என்று வரும். ‘ஸ்ட்ரைக் கால்டு ஆஃப்’ என்றால் வேலைநிறுத்தம் வாபஸ். ‘ஸ்ட்ரக் ஆஃப்’ என்றால் பெயர் நீக்கம். காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இதை மட்டும் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பத்திரத்தில் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுதியதன் மேல் கோடு போடுவதைத் தமிழிலும் அடிப்பது என்றுதான் சொல்கிறோம். பதிவுச் சட்டம் 1908இன் 20ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் அடித்தல், திருத்தல், இடைச்செருகல் எது இருந்தாலும் எழுதிக்கொடுத்தவர் அதற்குக் கையொப்பம் இட வேண்டும், இல்லாவிட்டால் பதிவு அலுவலர் ஏற்க மறுக்கலாம். அதனால் கையெழுத்தான காகிதத்தில் ‘ஸ்ட்ரைக் அவுட்’ என்றால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், அதாவது இனிஷியல். வெள்ளை மை தடவி மறைக்கக் கூடாது. நீக்கியது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வரைவு நிலையில் இருக்கிற காகிதம் என்றால் மொத்தமாக எடுத்துவிடலாம்.

வேலைநிறுத்தத்துக்கு வருகிறேன். உங்களைச் சிக்கவைத்த பொருள் இதுதான், அது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் பாயை இறக்குவதற்கு ‘ஸ்ட்ரைக் செயில்’ என்று சொல்வார்கள். 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு, கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பாய் இறங்கிய கப்பல் நகராது. அந்தச் செயலின் பெயரே பிறகு எல்லாத் தொழிலாளர்களின் போராட்டத்துக்கும் பெயராயிற்று. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் ஆங்கிலம் ஆளவில்லை, பிரெஞ்சு ஆண்டது. பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கு ‘கிரேவ்’ என்று பெயர். அதற்கு மணல் கரை என்று பொருள். பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் அந்தப் பெயரில் ஒரு திடல் இருந்தது. வேலை இல்லாதவர்கள் கூலி வேலை தேடி அங்கே வந்து நிற்பார்கள். காலை ஏழு மணிக்கு நம் ஊர் முச்சந்தியில் கொத்தனாரும் சித்தாளும் தூக்குச்சட்டியோடு நிற்கிறார்களே, அதே மாதிரி. அந்த இடத்தின் பெயர் முதலில் வேலையில்லாமல் இருப்பதைக் குறித்தது, பிறகு வேலை செய்ய மறுப்பதைக் குறித்தது.

1936இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டும் சங்கம் வைக்கும் உரிமை கேட்டும் போராடினார்கள். அதே வருடம் பிரான்சிலும் தொழிற்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய தலைவர் வ. சுப்பையாவின் பெயரை இந்த வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. இன்றும் ஜூலை 30ஐப் புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறார்கள். ‘ஸ்ட்ரைக்’ என்றதும் நமக்கு வேலைநிறுத்தம் மட்டுமே நினைவுக்கு வருவதற்கு, அந்தச் சொல் இந்த மண்ணில் அப்படி ஒரு விலை கொடுத்து வேர்பிடித்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் அந்த வரியைச் சேர்த்து அடித்ததற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

இந்தப் பொருளில் எழுதும்போது ஒரு சின்னத் திருத்தம். ‘ஸ்ட்ரைக் பண்ணுகிறார்கள்’ என்று தமிழில் சொல்வதை வைத்து ‘டூயிங் ஸ்ட்ரைக்’ என்று எழுதிவிடுகிறோம். அப்படி இல்லை. ‘ஆன் ஸ்ட்ரைக்’ என்று எழுத வேண்டும். இந்தியச் செய்தித்தாள்களில் ‘ஸ்ட்ரக் வர்க்’ என்றும் வரும், வேலையைப் புறக்கணித்தார்கள் என்று பொருள். உங்கள் நீதிமன்ற வளாகத்தில் அது அவ்வப்போது காதில் விழும். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலும் இந்தச் சொல் வரும்.

கிரிக்கெட்டில் இதே ‘ஆன் ஸ்ட்ரைக்’ நேர்மாறாக நிற்கும். தொழிலாளி ‘ஆன் ஸ்ட்ரைக்’ என்றால் வேலை செய்யவில்லை, மட்டையாளர் ‘ஆன் ஸ்ட்ரைக்’ என்றால் பந்தைச் சந்திப்பவர் அவர்தான். ‘ஸ்ட்ரைக் ரேட்’ என்பது மட்டையாளருக்கு 100 பந்துக்கு எத்தனை ரன், பந்துவீச்சாளருக்கு ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து. ஒருவருக்குக் கூடினால் நல்லது, இன்னொருவருக்குக் குறைந்தால் நல்லது. கேரம் விளையாடியிருப்பீர்கள், ‘ஸ்ட்ரைக்கர்’ தெரியும். பாருங்கள், அகராதியைத் திறக்கும் முன்பே உங்களுக்கு இரண்டு மூன்று ஜோடிகள் தெரிந்திருக்கிறது.

நம் ‘அடி’யை அப்படியே வைத்தால் பொருந்துகிற இடங்களும் உண்டு. கடிகாரம் நாலு மணி அடித்தது, அப்படியே ‘ஸ்ட்ரக் ஃபோர்’. நாணயம் அச்சடிப்பது, அதுவும் ‘ஸ்ட்ரைக்’. 1736 முதல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ரூபாய் நாணயம் அடித்தார்கள் என்பதை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் எழுதுவார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம்மை அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்த நாளை ஆங்கிலச் செய்தியும் இதே வினையால் சொல்லும். ஆனால் இடிக்கு நாம் ‘அடி’ போடுவதில்லை. இடி விழுந்தது, மின்னல் தாக்கியது என்கிறோம். இப்படிப் பொருந்துவதையும் பொருந்தாததையும் பிரித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

நேர் எதிராகப் போகிற ஒன்று இருக்கிறது, அது என் மாணவர்கள் பலரைச் சறுக்கவைத்தது. தமிழில் கூடாரம் அடித்தார்கள் என்றால் அமைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக் எ டென்ட்’ என்றால் கூடாரத்தைப் பிரித்து எடுத்தார்கள். பாயை இறக்கியது போலத்தான். நாடக மேடையின் அரங்க அமைப்பைப் பிரிப்பதற்கும் இதே சொல். ஒப்பந்தக்காரருக்கு எழுதுகிற கடிதத்தில் இது மாறிப்போனால் பந்தலே இருக்காது.

மனசு சம்பந்தப்பட்ட இடங்களில் ‘அடி’யை மறந்துவிடுங்கள். ‘இட் ஸ்ட்ரக் மீ’ என்றால் எனக்குப் பட்டது, சட்டென்று தோன்றியது. பொறி தட்டியது என்கிறோமே, அதுவேதான். ‘படு’ என்பதும் தொடுவதையும் மோதுவதையும் சொல்கிற சொல்தான், கல் பட்டது, காயம் பட்டது. அதே சொல்லால் மனசில் பட்டதையும் சொல்கிறோம். ‘ஸ்ட்ரைக்கிங்’ என்றால் சட்டென்று கண்ணை இழுக்கிற. ‘ஸ்ட்ரைக் எ டீல்’ என்றால் பேரம் படிந்தது. ‘ஸ்ட்ரைக் எ பேலன்ஸ்’ என்றால் முதலில் கணக்கில் வரவு செலவு பார்த்து மிச்சத்தை எடுப்பது, இப்போது இரண்டு பக்கமும் சமமாகப் பார்த்துப் போவது. இதெல்லாம் படிக்கப் படிக்க வந்துவிடும், இப்போது தலையில் ஏற்ற வேண்டாம்.

‘ஸ்ட்ரைக்கிங் டிஸ்டன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது, எட்டித் தாக்கும் தூரம். அதை மட்டும் ஒரு கதையோடு சொல்கிறேன், ஏனென்றால் அது நம் ஊர்க் கதை. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு ஒப்பந்தம் சொன்ன அளவு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. சுற்றிலும் குண்டு சுட்டுப் பார்த்து எல்லை வைத்தார்கள். அதற்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயரைத் தினமும் பஸ்ஸில் கேட்கிறோம். இனி அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் ‘ஸ்ட்ரைக்கிங் டிஸ்டன்ஸ்’ உங்களுக்கு நினைவுக்கு வரும். எனக்கு வருகிறது. ஒரு சொல்லை ஒரு இடத்தோடு கட்டிப்போட்டால் அது எங்கேயும் போகாது.

நெய்வேலியையும் அதே மாதிரி கட்டிக்கொள்ளலாம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது, நிலக்கரி அங்கே இருப்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது. பூமிக்கு அடியில் தேடும்போது தண்ணீரோ எண்ணெயோ கரியோ தட்டுப்பட்டால் ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள்.

இனி இறந்தகால வடிவம். ‘ஸ்ட்ரைக்’, ‘ஸ்ட்ரக்’, ‘ஸ்ட்ரக்’. ‘ஸ்ட்ரைக்டு’ என்று ஒன்று கிடையாது. ‘ஸ்ட்ரிக்கன்’ என்று பழைய வடிவம் ஒன்று உண்டு, வறுமை, பீதி, நோய் மாதிரியான சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்தால் புரிந்துகொண்டால் போதும்.

நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கன்னியகோயில் பக்கம் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது, அலுவலகத்துக்கு லேட். உடனே ‘ஸ்ட்ரக் இன் டிராஃபிக்’ என்று செய்தி அனுப்புவோம். அது ‘ஸ்டக்’. நடுவில் ‘ர’ கிடையாது. ‘ஸ்டக்’ என்றால் மாட்டிக்கொண்டது, வேர்ச்சொல் ‘ஸ்டிக்’. ‘ஸ்ட்ரக்’ என்று எழுதினால் நெரிசலில் ஏதோ வந்து மோதியது என்று படிப்பவருக்குத் தோன்றும். படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் கூட இப்படி எழுதுவதைப் பார்க்கிறேன். வழக்கு ஆவணத்தில் வண்டி மாட்டிக்கொண்டதா மோதியதா என்பது இழப்பீட்டையே மாற்றிவிடும்.

மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் அலுவலகத்தின் பழைய கோப்புகளில் இந்தச் சொல் வருகிற வாக்கியத்தை முழுசாகப் பார்த்து எழுதுங்கள், தனிச்சொல்லாக எழுதாதீர்கள். எதை ‘ஸ்ட்ரைக்’ செய்தார்கள் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். பத்தியா, பெயரா, சட்டமா, பேரமா என்று. அப்புறம் பக்கத்தில் தமிழில், நம் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதுங்கள். ‘எடுத்துடு’, ‘பேரை எடுத்துட்டாங்க’, ‘செல்லாதுன்னுட்டாங்க’ என்று. வாரத்துக்கு மூன்று வாக்கியம் போதும். ஒரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் புழங்குகிற ஜோடிகள் எல்லாம் உங்கள் கையில் இருக்கும். அகராதியை வாக்கியம் கிடைத்த பிறகு திறங்கள், அப்போது அது பயமுறுத்தாது. அடுத்து ‘பிரேக்’, ‘ஹோல்ட்’, ‘டிரா’ என்ற மூன்றையும் இதே மாதிரி பிடியுங்கள். மூன்றும் சட்டக் காகிதத்தில் நிறைய வரும்.

தமிழ் வழியில் படித்தது இந்த வேலைக்குத் தடையா என்றும் கேட்டீர்கள். கடலூர் நீதிமன்றத்துக்கு வருகிற கட்சிக்காரர்கள் தங்கள் வழக்கைத் தமிழில்தான் சொல்கிறார்கள். வரப்புத் தகராறை, பாகப்பிரிவினையை, சம்பளப் பாக்கியை அவர்கள் வாயிலிருந்து கேட்டு, ஒரு சொல் சிதறாமல் காகிதத்தில் இறக்கத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்துக்கு வேண்டும். அது உங்களுக்கு வரும். ஆங்கிலம் ஆறு மாதத்தில் இவ்வளவு வந்திருக்கிறது, மீதியும் வரும். எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது எனக்கும் வருத்தமாக இருக்கிறதும்மா. ஓரத்தில் ஒற்றைச் சொல் எழுதிக் கொடுத்தவருக்கும் அந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு. ஆனாலும் வேலையை விடாதீர்கள்.

நாளைக்கு மறுபடியும் ஓரத்தில் இந்தச் சொல் வந்தால் சேம்பர் கதவைத் தட்டி, “சார், முழுசா எடுத்துடட்டுமா, இல்ல கோடு போட்டுக் காட்டட்டுமா?” என்று கேளுங்கள். அனுபவமுள்ள தட்டச்சர்களும் கேட்க வேண்டிய கேள்விதான் அது, ஏனென்றால் ‘ஸ்ட்ரைக்’ என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டில் எது என்று சொல்வதில்லை. அப்புறம், நோட்டில் முதல் பத்து வாக்கியம் சேர்ந்ததும் எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். ‘ஸ்ட்ரக்’, ‘ஸ்டக்’ இரண்டும் அதில் இருக்கட்டும்.